கன்சோல் ‘இப்படி ஒரு கட்டளை இல்லை’ என்றால்: படிப்படியாகச் சரிசெய்யும் வழி

புதிதாக ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்தாயிற்று. கட்டளைகளைத் தட்டும் கன்சோல் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அதன் பெயரைத் தட்டினால், இது உள்கட்டளையும் இல்லை, வெளிக்கட்டளையும் இல்லை, இயக்கக்கூடிய நிரலும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் இதையே ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடும். உடனே மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யத் தோன்றும். வேண்டாம். அதே அமைப்புகளோடு இன்னொரு முறை இன்ஸ்டால் செய்தால் அதே பிழைதான் வரும்.

அந்தச் செய்தி சொல்வது ஒன்றே ஒன்று: ‘எனக்குத் தெரிந்த இடங்களில் இந்தப் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை.’ உங்கள் நிரல் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. ஆகவே கோளாறு நிரலுக்குள் இருக்க வழியில்லை. பெயர் தப்பாக இருக்கலாம், நிரல் வட்டிலேயே இல்லாமல் இருக்கலாம், அல்லது நிரல் இருந்தும் கன்சோல் தேடும் ஃபோல்டர் பட்டியலில் (இதன் பெயர் ‘பாத்’) அதன் ஃபோல்டர் இல்லாமல் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

இங்கே கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். குறிகளையும் இடைவெளிகளையும் இங்கே இருப்பது போலவே போடுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிழைச் செய்தியின் முழு வாசகம். நீங்கள் தட்டிய வரி, ஓர் எழுத்தும் மாறாமல். இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும். எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான அமைப்பை மாற்றுவதென்றால் மட்டும் நிர்வாகி கடவுச்சொல். உங்கள் கணக்குக்கு மட்டும் மாற்ற அது தேவையில்லை, அலுவலகக் கணினியிலும்கூடப் பெரும்பாலும் இது நடக்கும்.

செலவு எதுவும் கிடையாது. ‘பாத் பழுதுபார்க்கும் கருவி’ என்று காசு கேட்டு வரும் எதையும் இறக்காதீர்கள். தேவையானதெல்லாம் கணினியிலேயே இருக்கிறது. சாதாரணச் சிக்கல் என்றால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பாத்தைக் கெடுத்துக்கொண்டால்தான் நேரம் இழுக்கும். அதனால் கீழே நகல் எடுக்கச் சொல்லும் இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. எந்த வார்த்தை கிடைக்கவில்லை என்று பாருங்கள்

பிழைச் செய்தியில் கன்சோல் தேடிய பெயரும் இருக்கும். நீங்கள் தட்டியதும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். பல சமயம் ஒன்றாக இருக்காது. அங்கேயே விடை கிடைத்துவிடும்.

‘சி:\புரோகிராம்’ என்பதோடு பெயர் நின்றுவிட்டதா? ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற பெயரின் நடுவில் இடைவெளி இருப்பதால் கன்சோல் அங்கே வெட்டிவிட்டது. முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். விண்டோஸின் இன்னொரு கன்சோலான பவர்ஷெல்லில் மேற்கோள் மட்டும் போதாது. மேற்கோளுக்குள் இருப்பதை அது வெறும் சொல்லாக எடுத்துக்கொண்டு அப்படியே திரும்ப அச்சிடும்; முன்னால் ஒரு & குறி வேண்டும்.

கிடைக்காத கட்டளை என்று வெறும் $ குறியைக் காட்டுகிறதா? நீங்கள் பார்த்துச் செய்யும் இணையப் பாடத்தில் வரியின் தொடக்கத்தில் இருந்த $, கட்டளைக்காகக் காத்திருப்பதாகக் கன்சோல் காட்டும் ‘பிராம்ப்ட்’ குறி. அதையும் சேர்த்து ஒட்டியிருக்கிறீர்கள்.

பேட்ச் கோப்பின் (கட்டளைகளை வரிசையாக எழுதிய விண்டோஸ் கோப்பு) முதல் வரியில் மட்டும், உங்கள் கட்டளைக்கு முன்னால் விநோதமாக மூன்று குறிகள் ஒட்டிக்கொண்டு வருகின்றனவா? கோப்பு ‘யுடிஎஃப்-8 வித் பிஓஎம்’ என்ற வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது; பிஓஎம் என்பது கோப்பின் தொடக்கத்தில் சேரும் மறைவான குறி. நோட்பேடில் ‘சேவ் ஆஸ்’ போய், பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 என்று மாற்றிச் சேமித்தால் போய்விடும்.

லினக்ஸில் ஸ்கிரிப்ட் ஓடும்போது, கிடைக்காத கட்டளை \ஆர் என்று வந்தால், அல்லது பாஷ் (லினக்ஸில் கட்டளைகளை ஓட்டும் வழக்கமான கன்சோல் நிரல்) என்ற பெயரின் வாலில் ^எம் ஒட்டியிருந்தால், அந்தக் கோப்பு விண்டோஸில் எழுதப்பட்டது. வரி முடிவுக் குறிகள் வேறு. ‘டாஸ்2யூனிக்ஸ்’ கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஒரு தடவை ஓட்டுங்கள்.

இன்னொன்று. ‘பர்மிஷன் டினைடு’ என்பது இந்தப் பிழை அல்ல. கோப்பு கிடைத்துவிட்டது, இயக்கும் உரிமைதான் இல்லை. பாஷ் இந்த இரண்டுக்கும் வேறு வேறு எண் வைத்திருக்கிறது: கட்டளை கிடைக்கவில்லை என்றால் 127, கிடைத்தும் இயக்க முடியவில்லை என்றால் 126. பிழை வந்த கையோடு ‘எக்கோ $?’ என்று தட்டினால் எண் தெரியும். அதேபோல், இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட்களை ஓட்ட அனுமதி இல்லை என்று பவர்ஷெல் சொன்னால் அது பாதுகாப்புக் கொள்கை பற்றிய விஷயம். பாத்தைத் தொட்டுப் பயனில்லை.

2. எந்தக் கன்சோலில் இருக்கிறீர்கள்?

வரியின் தொடக்கத்தைப் பாருங்கள். ‘பிஎஸ்’ என்று தொடங்கினால் பவர்ஷெல். ‘சி:\’ என்று தொடங்கி > குறியில் முடிந்தால் பழைய கமாண்ட் பிராம்ப்ட். $ என்றால் பெரும்பாலும் பாஷ், % என்றால் பெரும்பாலும் ஜீஷெல். மூன்று >>> குறிகள் தெரிந்தால் நீங்கள் கன்சோலில் இல்லை, பைத்தான் என்ற நிரல்மொழிக்குள் இருக்கிறீர்கள். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் ‘பிப் இன்ஸ்டால்’ அங்கே வேலை செய்யாது. ‘எக்ஸிட்()’ தட்டி வெளியே வாருங்கள்.

ஒரு கன்சோலின் கட்டளை இன்னொன்றில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கமாண்ட் பிராம்ப்டில் ‘எல்எஸ்’ கிடையாது, ‘டிர்’ உண்டு. ‘கிளியர்’ கிடையாது, ‘சிஎல்எஸ்’ உண்டு. ‘கிரெப்’புக்குப் பதில் ‘ஃபைண்ட்ஸ்டிர்’, ‘எக்ஸ்போர்ட்’டுக்குப் பதில் ‘செட்’. லினக்ஸுக்கு எழுதிய பாடத்தை விண்டோஸில் வரிக்கு வரி தட்டினால் பாதி ஓடாது. அதைப் பழுது என்று நினைத்துத் துரத்த வேண்டாம்.

3. எழுத்து, இடைவெளி, ஒட்டுவேலை

இணையப் பக்கத்திலிருந்தோ வேர்டிலிருந்தோ நகல் எடுத்த கட்டளைகளில் கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள் இருக்கும். நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாகியிருக்கும். இரண்டு சிறு கோடுகள் ஒரே நீளக் கோடாகியிருக்கும். சாதாரண இடைவெளிக்குப் பதில் ‘உடையா இடைவெளி’ உட்கார்ந்திருக்கும். அதைக் கன்சோல் இடைவெளியாகவே எண்ணாது. இரண்டு சொற்களையும் சேர்த்து ஒரே பெயராக எடுத்துக்கொண்டு தேடும். சந்தேகம் வந்தால் அந்த வரியைக் கையால் தட்டிப் பாருங்கள்.

லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. விண்டோஸில் இந்தக் கவலை இல்லை. பாஷில் மாறிக்கு (ஒரு மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்) மதிப்புத் தரும்போது = குறியின் இருபுறமும் இடைவெளி விட்டால், மாறியின் பெயரைக் கட்டளை என்று எண்ணித் தேடும். ‘இஃப்’ வரியில் [ குறிக்குப் பின் இடைவெளி விட மறந்தாலும் இதே பிழைதான். காரணம், [ என்பதே அங்கே ஒரு கட்டளை.

நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலேயே நிரல் இருக்கிறது, பெயரைத் தட்டினால் மட்டும் கிடைக்கவில்லை என்றால், லினக்ஸிலும் மேக்கிலும் பெயருக்கு முன் ./ போடுங்கள், பவர்ஷெல்லில் .\ போடுங்கள். பாதுகாப்புக்காக இவை தற்போதைய ஃபோல்டரைத் தாமாகத் தேடுவதில்லை. கமாண்ட் பிராம்ப்ட் மட்டும் தேடும்.

4. நிரல் வட்டில் உண்மையிலேயே இருக்கிறதா?

கிட் என்ற நிரலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கமாண்ட் பிராம்ப்டில் ‘வேர் கிட்’ என்று தட்டினால், பாத் பட்டியலில் கிட் எங்கெங்கே இருக்கிறது என்று சொல்லும். ஒன்றும் வராவிட்டால் ‘வேர் /ஆர் சி:\ கிட்.எக்ஸ்இ’ என்று தட்டி வட்டு முழுக்கத் தேடலாம். சில நிமிடம் பிடிக்கும். பவர்ஷெல்லில் ‘வேர்’ என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப்பெயர். அங்கே அதைத் தட்டினால் பதிலே வராமல் குழப்பும். ‘வேர்.எக்ஸ்இ’ என்று முழுப் பெயரில் கூப்பிடுங்கள், அல்லது ‘கெட்-கமாண்ட் கிட்’ என்று கேளுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் ‘டைப் -ஏ கிட்’.

கோப்பு கிடைத்துவிட்டால், அதன் முழுப் பாதையைத் தட்டி ஓட்டிப் பாருங்கள். இந்த முழு வழிகாட்டியில் மிகவும் பயனுள்ள சோதனை இதுதான். முழுப் பாதையில் ஓடுகிறது, வெறும் பெயரில் ஓடவில்லை என்றால், வீட்டில் ஆள் இருக்கிறார், முகவரிப் புத்தகத்தில்தான் பெயர் இல்லை. நேராக 5-ஆம் படிக்குப் போகலாம். வட்டில் எங்குமே இல்லை என்றால் மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள்.

லினக்ஸில் ஒரு விதிவிலக்கு உண்டு. கோப்பு கண்ணெதிரே இருக்கும். முழுப் பாதையைத் தட்டினாலும் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று வரும். 64 பிட் அமைப்பில் 32 பிட் நிரலை ஓட்டும்போது, அதற்குத் தேவையான ஏற்றி நிரல் இல்லாவிட்டால் இப்படி ஆகும். இல்லாதது அந்த ஏற்றி. செய்தியைப் படித்தால் உங்கள் கோப்பே இல்லை என்பது போல் இருக்கும்.

5. பாத் பட்டியலைப் படியுங்கள்

பாத் என்பது ஃபோல்டர்களின் வரிசை. கன்சோல் முதலில் தன் உள்கட்டளைகளைப் பார்க்கும், பிறகு இந்த வரிசையை இடமிருந்து வலமாகத் தேடும், முதலில் கிடைத்ததை ஓட்டும். கமாண்ட் பிராம்ப்டில் ‘எக்கோ %பாத்%’, பவர்ஷெல்லில் ‘$என்வ்:பாத்’, மற்றவற்றில் ‘எக்கோ $பாத்’. விண்டோஸில் ஃபோல்டர்களைப் பிரிப்பது அரைப்புள்ளி, லினக்ஸிலும் மேக்கிலும் முக்காற்புள்ளி.

விண்டோஸில் இன்னொரு பட்டியலும் உண்டு, ‘பாத்எக்ஸ்ட்’. நீங்கள் ‘பிங்’ என்று தட்டினால் பின்னால் .எக்ஸ்இ சேர்த்துத் தேடச் சொல்வது அதுதான். ‘பிங்’ ஓடவில்லை, ‘பிங்.எக்ஸ்இ’ ஓடுகிறது என்றால் கெட்டது பாத்எக்ஸ்ட். இதை அறியாமல் பாத்தையே குடைந்துகொண்டிருப்பவர்கள் நிறைய.

6. விண்டோஸில் ஃபோல்டரைச் சேர்ப்பது

முதலில் நகல். ‘ரெக் எக்ஸ்போர்ட் எச்கேசியூ\என்விரான்மென்ட் பழையது.ரெக்’ என்று தட்டினால் உங்கள் கணக்கின் பட்டியல் ஒரு கோப்பாக வந்துவிடும். ‘பழையது’ இருக்கும் இடத்தில் விரும்பிய பெயரை வையுங்கள். ஒரு நிமிட வேலை.

பிறகு ஸ்டார்ட் மெனுவில் ‘என்விரான்மென்ட்’ என்று தேடுங்கள். இரண்டு முடிவுகள் வரும். ‘உங்கள் கணக்கின் சூழல் மாறிகளைத் திருத்து’ என்ற பொருளில் வருவதைத் தேர்ந்தெடுங்கள். மேல் பெட்டியில் ‘பாத்’ வரியைச் சொடுக்கி, ‘எடிட்’, ‘நியூ’, ஃபோல்டரின் பாதையை ஒட்டி, திறந்த எல்லா ஜன்னலிலும் ‘ஓகே’. ஒரு ஜன்னலை மட்டும் குறுக்குக் குறியால் மூடிவிட்டாலும் மாற்றம் சேமிக்கப்படாது.

இங்கே தவறு நடக்கும் இடங்கள்:

- நிரல் இருக்கும் ஃபோல்டரைத்தான் சேர்க்க வேண்டும். .எக்ஸ்இ கோப்பின் பாதையையே சேர்த்தால் வேலை செய்யாது.
- இந்தப் பட்டியலுக்குள் இடைவெளி உள்ள பாதைக்கும் மேற்கோள் வேண்டாம். அரைப்புள்ளிக்குப் பின் இடைவெளியும் வேண்டாம்.
- பல பாடங்கள் சொல்லித்தரும் ‘செட்எக்ஸ் பாத் "%பாத்%;…"’ என்ற வரியைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். முன்பே எடுத்த நகல் இல்லாவிட்டால், வெட்டியதைத் திரும்பப் பெறுவது கடினம். போதாததற்கு, கணினிப் பொதுப் பட்டியலையும் உங்கள் பட்டியலையும் ஒன்றாகக் கலந்து உங்கள் கணக்கில் கொட்டிவிடும்.
- பொதுப் பட்டியல் முன்னாலும் உங்கள் கணக்கின் பட்டியல் பின்னாலும் தேடப்படும். பழைய பதிப்பு பொதுப் பட்டியலில் இருந்தால் அதுதான் ஓடும்.

தற்காலிகமாக, இந்த ஜன்னலுக்கு மட்டும் போதும் என்றால் ‘செட் பாத்=%பாத்%;சி:\கருவிகள்’ என்ற வடிவில் தட்டலாம். ஜன்னலை மூடியதும் போய்விடும், எந்தச் சேதமும் இல்லை. எந்த ஃபோல்டரைச் சேர்ப்பது என்று சோதிக்க இதுவே நல்ல வழி.

7. லினக்ஸிலும் மேக்கிலும்

சேர்க்க வேண்டிய வரி ‘எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/பின்:$பாத்"’ என்ற வடிவில் இருக்கும். கடைசியில் வரும் $பாத்தை விட்டுவிட்டால் மற்ற எல்லாக் கட்டளைகளும் காணாமல் போகும். = குறியின் பக்கத்தில் இடைவெளி கூடாது. ஒற்றை மேற்கோள் கூடாது, அதற்குள் $பாத் விரியாது.

எந்தக் கோப்பில் எழுதுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாஷுக்கு உங்கள் கணக்கின் வீட்டு (ஹோம்) ஃபோல்டரில் உள்ள .பாஷ்ஆர்சி, ஜீஷெல்லுக்கு .இசட்எஸ்எச்ஆர்சி. மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து புதிய கணக்குகளுக்கு ஜீஷெல்தான் இயல்பு. அதற்கு முந்தைய பாடத்தைப் பார்த்து .பாஷ்_புரொஃபைலில் எழுதினால், ஜீஷெல் அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காது.

மேக்கில் மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூ இன்ஸ்டால் ஆன பிறகும் ‘ப்ரூ’ கிடைக்கவில்லை என்றால், ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் அது /ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின் ஃபோல்டரில் இருக்கிறது. அந்த இடம் பாத்தில் தானாக இருக்காது. இன்ஸ்டால் முடிவில் ‘அடுத்த படிகள்’ என்று அது அச்சிடும் வரிகளை அப்படியே ஓட்டினால் சரியாகும். அந்த வரிகளைப் படிக்காமல் ஜன்னலை மூடிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

உபுண்டுவில் வீட்டு ஃபோல்டருக்குள் உள்ள .லோக்கல்/பின் பாத்தில் சேரும், ஆனால் நீங்கள் உள்நுழையும் நேரத்தில் அந்த ஃபோல்டர் இருந்தால் மட்டும். முதன்முறை அங்கே ஒரு கருவி இன்ஸ்டால் ஆனதும் ஒரு தடவை வெளியேறி உள்நுழையுங்கள்.

8. சேர்த்த பிறகும் கிடைக்கவில்லையா?

திறந்திருக்கும் கன்சோலுக்கு உங்கள் மாற்றம் தெரியாது. அது திறந்தபோது இருந்த பட்டியலைத்தான் வைத்திருக்கிறது. மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடின் உள்ளே இருக்கும் டெர்மினல் (கன்சோல்) என்றால் டெர்மினல் தாவலை மட்டும் மூடிப் பயனில்லை, விஎஸ் கோடையே முழுதாக மூட வேண்டும். டெர்மினல் அதனிடமிருந்துதான் பழைய பட்டியலை வாங்குகிறது. அப்படியும் வரவில்லை என்றால் கணக்கிலிருந்து வெளியேறி உள்நுழையுங்கள்.

பாஷ் ஒருமுறை கண்டுபிடித்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். நிரல் இடம் மாறியிருந்தால் பழைய இடத்திலேயே போய் முட்டிக்கொள்ளும். ‘ஹாஷ் -ஆர்’ தட்டினால் மறந்துவிடும்.

9. அடிக்கடி மாட்டும் சில பெயர்கள்

*பைத்தான்.* விண்டோஸில் ‘பைத்தான்’ என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறதா? அங்கே இருப்பது உண்மையான பைத்தான் அல்ல, ஸ்டோருக்கு அனுப்பும் ஒரு பொய்க்கோப்பு. செட்டிங்ஸில் ‘ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியஸ்’ என்று தேடி, பைத்தான் பெயரில் உள்ள இரண்டையும் அணைத்துவிடுங்கள். வழக்கமான இன்ஸ்டாலரின் முதல் திரையிலேயே, கீழே, பாத்தில் சேர்க்கவா என்று கேட்கும் சிறு பெட்டி இருக்கிறது. இயல்பாக அதில் டிக் இருக்காது. இன்ஸ்டாலரை மறுபடி திறந்து ‘மாடிஃபை’ வழியாக அதைச் சேர்க்கலாம். மேக்கிலும் புதிய உபுண்டுவிலும் ‘பைத்தான்’ என்ற பெயரே இல்லாமல் இருக்கலாம். ‘பைத்தான்3’ என்று தட்டுங்கள்.

*பிப்.* ‘பைத்தான் -எம் பிப்’ என்று ஓட்டுங்கள். பாத் சிக்கலும் இல்லை, எந்தப் பைத்தானுக்கு இன்ஸ்டால் ஆகிறது என்ற குழப்பமும் இல்லை.

*ஜாவாசி.* ‘ஜாவா’ ஓடுகிறது, ‘ஜாவாசி’ கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் உங்களிடம் இருப்பது ஓட்டுவதற்கான தொகுப்பு மட்டும். நிரல் எழுதுவோருக்கான ஜாவா தொகுப்பான ஜேடிகே வேண்டும். பாத்தில் சேர்க்க வேண்டியது ஜேடிகேயின் உள்ளே இருக்கும் ‘பின்’ ஃபோல்டர். ‘ஜாவா_ஹோம்’ என்ற சூழல் மாறியில் மட்டும் ‘பின்’ இல்லாமல் வெளி ஃபோல்டர்.

*ஐஎஃப்கான்ஃபிக், டெல்நெட்.* இவை காணாமல் போனது உங்கள் தவறல்ல. பல புதிய லினக்ஸ்களில் ஐஎஃப்கான்ஃபிக் இயல்பாக வருவதில்லை, ‘ஐபி ஏ’ பயன்படுத்துங்கள். விண்டோஸில் டெல்நெட்டை ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பக்கத்தில் நீங்களே இயக்க வேண்டும்.

10. ஒரேயடியாக எல்லாமே போய்விட்டால்

‘பிங்’ இல்லை, ‘ஐபிகான்ஃபிக்’ இல்லை, ஆனால் ‘டிர்’ மட்டும் ஓடுகிறது என்றால் பாத் அழிந்திருக்கிறது. டிர் உள்கட்டளை என்பதால் தப்பித்தது. பதறாதீர்கள், கோப்புகள் எல்லாம் இருக்கும் இடத்தில்தான் இருக்கின்றன.

விண்டோஸில் பொதுப் பட்டியலில் குறைந்தது இவை இருக்க வேண்டும்: %சிஸ்டம்ரூட்%\சிஸ்டம்32, %சிஸ்டம்ரூட்%, அடுத்து சிஸ்டம்32-க்குள் இருக்கும் டபிள்யூபெம், சிஸ்டம்32-க்குள்ளேயே இருக்கும் விண்டோஸ்பவர்ஷெல்\வி1.0. இவற்றை 6-ஆம் படியில் சொன்ன தேடலின் மற்ற முடிவு வழியாக, கீழ்ப் பெட்டியில் சேருங்கள்; இதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் ‘எக்கோ %பாத்%’ தட்டினால் %சிஸ்டம்ரூட்% விரியாமல் அப்படியே தெரிந்தால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த மதிப்பின் வகை மாறியிருக்கிறது. ‘ரெக்_எக்ஸ்பாண்ட்_எஸ்இசட்’ என்று இருக்க வேண்டியது ‘ரெக்_எஸ்இசட்’ ஆகியிருக்கும்.

லினக்ஸில் ‘எல்எஸ்’கூட ஓடவில்லை என்றால், அந்த ஜன்னலில் ‘எக்ஸ்போர்ட் பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின்’ என்று தட்டுங்கள். உயிர் வந்துவிடும். பிறகு .பாஷ்ஆர்சியைத் திறந்து கெடுத்த வரியைத் திருத்துங்கள்.

ஒரே ஒரு ஸ்கிரிப்டுக்குள் மட்டும் பாதியில் எல்லாம் காணாமல் போகிறதா? யாரோ ஒரு மாறிக்கு ‘பாத்’ என்று பெயர் வைத்திருப்பார்கள். விண்டோஸில் பெரிய, சிறிய எழுத்து பேதம் இல்லாததால் அது உண்மையான பாத்தையே அழித்துவிடும். ஜீஷெல்லில் சிறிய எழுத்து ‘பாத்’தும் பெரிய எழுத்து ‘பாத்’தும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை, அங்கேயும் அதே கதி. மாறிக்கு வேறு பெயர் வையுங்கள்.

11. எனக்கு ஓடுகிறது, சூடோவுக்கும் கிரானுக்கும் ஓடவில்லை

நிர்வாகி உரிமையில் கட்டளையை ஓட்டும் சூடோ, உங்கள் பாத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை. அதன் அமைப்புக் கோப்பில் ‘செக்யூர்_பாத்’ என்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. டெபியனில் 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து, வெறும் ‘சு’ தட்டி நிர்வாகி ஆனால் பழைய பாத்தே தொடரும். நிர்வாகக் கட்டளைகள் கிடைக்காது. ‘சு -’ என்று கோடு சேர்த்துத் தட்டுங்கள்.

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானின் பட்டியல் இன்னும் சிறியது, பெரும்பாலும் /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டும். உங்கள் .பாஷ்ஆர்சியை அது படிக்காது. கிரானின் அட்டவணைக் கோப்பான கிரான்டேப்பின் வரியில் கட்டளையின் முழுப் பாதையை எழுதுங்கள். அந்த ஸ்கிரிப்ட் உள்ளே கூப்பிடும் மற்ற நிரல்களுக்கும் இதே தடை உண்டு, அதனால் கிரான்டேப்பின் முதல் வரியிலேயே ‘பாத்=’ என்று தேவையான ஃபோல்டர்களை முழுதாக எழுதிவிடுங்கள். அங்கே $பாத் விரியாது; ஒவ்வொரு ஃபோல்டரையும் பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும்.